பாயங்காட்டிலிருந்து பாலகாட்டுக்கு: தங்கவயல் தமிழர் அடுப்பும் ஓர் எண்ணெய்க் கடைக்காரனின் கணக்கும்

பாலகாட் என்றதும் கேரளத்துப் பாலக்காட்டை எண்ணிவிட வேண்டாம். உறவினர் சிலர் இன்றும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய கல்யாணப் பத்திரிகை ஒன்று, எழுதியவர் நடுவில் ஒரு 'க்' சேர்த்துவிட்டதால் அங்கே போய்ச் சுற்றிவிட்டு, முகூர்த்தம் முடிந்த நாலாம் நாள் வந்து சேர்ந்தது. நான் சொல்லும் பாலகாட் கோலார் தங்கவயலில் இருப்பது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்ற சுரங்கங்களோடு சேர்த்து எண்ணப்பட்ட ஐந்தாவது சுரங்கம். இன்று சுரங்கம் இல்லை, பெயர் இருக்கிறது.

அந்தப் பெயரே ஒரு சரித்திரம். 'பாலா' என்பது பாரசீகச் சொல், மேல் என்று பொருள். 'காட்' என்பது மலைத்தொடர், கணவாய். கணவாய்க்கு மேலே உள்ள மைசூர்ப் பீடபூமி பாலகாட். கீழே விரிந்து கிடக்கும் ஆர்க்காட்டுச் சமவெளி பாயங்காட். நவாப் காலத்திலும் கும்பெனியார் காலத்திலும் எழுதின தஸ்தாவேஜுகளில் இவ்விரண்டு சொற்களும் சர்வசாதாரணமாக வரும். ஆக, நம்ம தாத்தா பாட்டிமார் எல்லாரும் பாயங்காட்டிலிருந்து மலையேறி பாலகாட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் கூடவே ஏறிவந்த அடுப்பைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்த அடுப்பு எப்படி மாறியது, நம் இரத்தத்தில் கொழுப்பு எப்படி ஏறியது என்பதை மளிகையும் எண்ணெயும் விற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆனால் தராசு பிடித்தவனுக்கு ஊர் என்ன தின்கிறது என்று தெரியும்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியார் தங்கவயலை எடுத்துக்கொண்ட பிறகு ஆள் தேவைப்பட்டது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்தார்கள். ஊரில் பண்ணையாளாக இருந்தவர்கள். நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை என்று கிளம்பியவர்கள்தாம் பெரும்பாலோர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இங்கே வேர் பிடித்ததற்கும் அதுதான் காரணம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆள் வந்த பின்னே கடை வராமல் இருக்குமா? எங்கள் தாத்தா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நல்லெண்ணெய்க் குடத்தோடு வந்தார் என்பது வீட்டுக் கதை. நாங்கள் தமிழ்ச் சமணர், நயினார். "ஜெயினா? அப்ப சேட்டா?" என்று இந்த ஊரில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. மார்வாடி வேறு, நாங்கள் வேறு என்று விளக்கி அலுத்துப்போய், இப்போது "ஆமாம் சேட்டுதான்" என்று விட்டுவிடுகிறேன்.

லைன் வீடுகளில் அன்று என்ன சாப்பாடு? பாயங்காட்டில் நெல் விளைந்தாலும் அது விளைவித்தவன் வாய்க்குப் போகவில்லை. அவனுக்குக் கேப்பைக் கூழும் கம்பங்கூழும்தான். பாலகாட்டுக்கு ஏறிவந்தால் இங்கேயும் கேழ்வரகு. கோலார் சீமையே ராகிச் சீமை. கன்னடக்காரர் முத்தே என்பதை நாம் களி என்கிறோம். காலை ஷிப்டுக்கு முன் ஒரு குண்டான் கூழ், பச்சை மிளகாய், வெங்காயம். திரும்பி வந்தால் களி, கீரைக் குழம்பு, கொள்ளுச் சாறு, அவரைக்காய் சீசனில் பிதுக்கம்பருப்பு. சம்பள நாளில் இறைச்சி, கருவாடு. புலால் உண்ணாதவன் நான் என்றாலும், மூவாயிரம் மீட்டருக்குக் கீழே, பாறையின் சூடு அறுபது டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் இறங்கி வேலை செய்தவன் தட்டில் என்ன இருந்தது என்று குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவன் தின்றது அத்தனையும் வியர்வையாகப் போயிற்று. அன்றைக்கு ஊர் பயந்தது நெஞ்சுவலிக்கு அல்ல, நுரையீரலில் கல்தூசி படியும் சிலிகோசிஸுக்குத்தான்.

ராகியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிராமில் ஏறக்குறைய 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்று பழைய உணவு அட்டவணைகள் சொல்லும். தானியங்களில் வேறெதுவும் பக்கத்தில் வராது. உமிக்கு அடுத்த தோலோடு அரைபடுவதால் நார்ச்சத்து தங்குகிறது. அரிசியோ தீட்டத் தீட்ட வெள்ளை. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் நம்ம குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கினார். பிற்பாடு அவர் இந்தியாவின் ஒவ்வொரு பிராந்தியத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாபிச் சாப்பாட்டு எலி கொழுகொழு என்று வளர்ந்தது. தீட்டின அரிசியை நம்பின மதராஸிச் சாப்பாட்டு எலி சவலையாகப் போயிற்று. அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக் கூடம்தான் 1958-இல் ஐதராபாத் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எலிகள் இப்படிச் சாட்சி சொன்ன பிறகும் நமக்கு வெள்ளைச் சோறுதான் கௌரவம். எங்கள் கடையில் ராகி மூட்டை குறைந்து அரிசி மூட்டை ஏறியது என் கண்ணால் கண்டது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆயிற்று. சம்பளம் கொஞ்சம் கூடினதும் முதலில் வீட்டை விட்டுப் போனது களிக்கிண்டும் துடுப்புதான். "களி சாப்பிடறவங்க" என்று பெண் வீட்டார் சொல்லிவிடக் கூடாதே!

இனி எண்ணெய்க்கு வருகிறேன். எள் நெய்தான் எண்ணெய் என்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு வித்தின் பெயரே எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகி, எள்ளுக்கு 'நல்ல' என்று தனி அடைமொழி கொடுக்கவேண்டி வந்தது. வேர்க்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. மணிலாக்கொட்டை என்ற பெயரிலேயே வந்த வழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு மண்ணில் பரவி, புதுச்சேரி வழியாக மார்சேய் துறைமுகத்துக்கே கப்பலேறியது. இவ்விரண்டு எண்ணெயிலும் உறையும் கொழுப்பு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. நெய்யில் அறுபது சதவீதத்துக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, தேங்காயெண்ணெயில் தொண்ணூறை ஒட்டி. செக்கு எண்ணெயைக் கால்படி, அரைக்கால்படி என்று பெண்கள் வாங்கிப் போவார்கள் என்று அப்பா சொல்வார். தாளிக்க ஒரு கரண்டி. வடை என்றால் தீபாவளி, பொங்கல். எண்ணெய் விலை அதிகம். அந்த வறுமையே ஒருவகையில் காவலாக இருந்தது. இப்படிச் சொல்வது கொடுமைதான், ஆனால் உண்மை.

1937-இல் டால்டா வந்தது. பிரெஞ்சுக்காரர் சபாத்தியே ஹைட்ரஜன் ஏற்றும் ரசவாதத்துக்காக 1912-இல் நோபல் பரிசு வாங்கியவர். வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர் அதே வித்தையை எண்ணெயில் காட்டி உறைய வைத்தார். தாவர எண்ணெய் நெய்போல உறைந்து, மணல்மணலாகத் தெரிந்து, பாதி விலைக்குக் கிடைத்தால் ஜனங்கள் விடுவார்களா? பேக்கரிக்காரர், ஓட்டல்காரர், மிட்டாய்க்காரர், கல்யாண வீட்டுக்காரர் என எல்லாரும் வாங்கினார்கள். மஞ்சள் டின் காலியானால் அதில் துளசி வைப்பார்கள், தண்ணீர் பிடிப்பார்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் கலந்தே ஆகவேண்டும். ஏன் தெரியுமா? நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றால், ரசாயன சோதனையில் நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் குலத்தொழில் எண்ணெய் போலீஸ்காரனாகவும் வேலை பார்த்திருக்கிறது!

நான் கடையில் உட்கார ஆரம்பித்தது எழுபதுகளின் பிற்பகுதி. ரேஷனில் வெளிநாட்டு பாமாயில் வந்த காலமும் அதுவே. 1983-இல் நாடே கொந்தளித்தது: இறக்குமதி செய்த மாட்டுக்கொழுப்பை வனஸ்பதியில் கலக்கிறார்கள் என்ற செய்தி பத்திரிகை பத்திரிகையாக வந்தது. அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கொல்லாமை விரதம் எடுத்த குடும்பம், தெரியாமல் எத்தனை வீட்டுக்கு எதை அளந்து கொடுத்தோம் என்று புலம்பினார். கடையில் இருந்த பதினொரு டின்னையும் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தோம். நஷ்டம் நஷ்டம்தான். ஆறேழு மாதம் கழித்து 'நூறு சதவீதம் தாவரம்' என்று அச்சடித்த டின்கள் வந்தன. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த எழுத்தைப் படித்து, "சரி, இறக்கு" என்றார். அதற்குப்பின் பதினெட்டு வருஷம் விற்றோம்.

அந்தப் பதினெட்டு வருஷம்தான் என் தொண்டையில் நிற்கிறது. விலங்கு கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தோமே தவிர, எண்ணெயை உறைய வைத்ததால் என்ன ஆயிற்று என்று பார்க்கவில்லை. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றினால் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல்.லை ஏற்றும், நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லை இறக்கும் என்று 1990-இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் மென்சிங்கும் கட்டானும் காட்டினார்கள். 2003-இல் டென்மார்க் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. 2009-இல் டில்லி சுற்றுச்சூழல் மையத்தார் நம் கடைகளின் வனஸ்பதியைச் சோதித்தபோது, அந்த டென்மார்க் அளவைப்போலப் பல மடங்கு இருந்தது. நம் நாட்டில் மூன்று சதவீதம் என்ற வரம்பு 2021-இலும், இரண்டு என்ற வரம்பு 2022-இலும்தான் வந்தன. எனக்கு அன்று தெரியாது என்பது உண்மை. தெரியாது என்று சொல்லி எத்தனை லைன் வீட்டுக் கணக்கைத் தீர்ப்பது?

கொலஸ்ட்ரால் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'பித்தம்', 'கட்டி' என்ற இரு சொற்கள் வேர். பித்தப்பைக் கல்லில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். 1815-ஐ ஒட்டி செவ்ரோல் என்ற பிரெஞ்சு ரசாயனி இட்டது. நம்ம மொழியில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று 2012-இல் டாக்டர் சொன்னபோது நான் இரண்டாவது பொருளில்தான் எடுத்துக்கொண்டேன். எல்.டி.எல். 178, ஹெச்.டி.எல். 31, டிரைகிளிசரைடு 290. "சார், நான் ஜெயின். முட்டைகூடத் தொட்டதில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் மட்டும்தான் உண்டு, சரி. ஆனால் உங்க ஈரலே தினம் அதைச் செய்யுதே. நெய்யும் டால்டாவும் இனிப்பும் மைதாவும் வெள்ளைச் சோறும் அந்தத் தொழிற்சாலைக்குச் சரக்கு ஏத்துது" என்றார். சைவம் என்றால் காவல் என்று ஐம்பது வருஷம் நம்பியிருந்தேன். அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. கடலை எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது; எந்தச் செடி எண்ணெயில் அது இருந்தது?

அதே வாரம் சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். ஞாயிறு தவறாமல் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன், எல்.டி.எல். 112. "என்ன நயினாரே, மூஞ்சி தொங்குது?" என்றார். சொன்னேன். "நான் முப்பது வருஷம் கட்டை சுமந்தேன். நீங்க முப்பது வருஷம் கல்லாவுல குந்தினீங்க" என்றார். ஒரு மனிதர் கணக்கை வைத்துக்கொண்டு விதி எழுதக் கூடாது. அவருடைய உடன்பிறந்த அண்ணனே ஐம்பத்திரண்டில் மாரடைப்பில் போனவர்தான். பரம்பரையும் ஒரு பங்காளி. ஆனாலும் கல்லா விஷயத்தில் அவர் சொன்னது சரி.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஆறு மாதத்தில் எண்கள் இறங்கின. இங்கேதான் என் படிப்பு என்னைக் கெடுத்தது. பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதி, சிறுபஞ்சமூலம் இரண்டும் சமணர் செய்தவை. இரண்டுக்கும் மருந்துச் சரக்கின் பெயர். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்ற நான்கு தானத்தில் மருந்தையும் வைத்த சமயம் எங்களுடையது. திருக்குறளிலும் மருந்து அதிகாரம், முன் உண்டது செரித்த பின் அளவோடு உண்டால் வேறு மருந்தே வேண்டாம் என்கிற பொருளில் பேசுகிறது. ஆக உணவே போதும், எண் இறங்கினது என் களியாலும் கொள்ளாலும்தான் என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். 2014-இல் பொன்னூர் மலைக்குக் குந்தகுந்த ஆசாரியர் பாதம் தரிசிக்கப் போனபோது பாதிப் படியில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினமாதிரி இருந்தது. என் அக்கா முந்தானையால் விசிறி, "உட்காருடா, பேசாதே" என்றாள். பெங்களூரில் இரண்டு ஸ்டென்ட். மருந்தைப் பற்றி வள்ளுவர் அதே அதிகாரத்தில், நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவன் நால்வரும் வேண்டும் என்கிறார். அந்தக் கடைசிக் குறள்வரை நான் போகவே இல்லை.

இப்போது மாத்திரையைப் பற்றியும் படித்தாயிற்று. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் எழுபதுகளில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்து, ஈரல் கொழுப்பு செய்வதைத் தடுக்கும் சரக்கை முதன்முதல் கண்டெடுத்தார். அந்தப் பூஞ்சை கிடைத்தது கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில்! அரிசியில் பூஞ்சை கண்டால் எத்தனை முறை ஆளைத் திட்டியிருக்கிறேன். இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லை ஈரல் எப்படிப் பிடித்து இழுத்துக்கொள்கிறது என்று கண்ட பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு. 1987-இல் முதல் ஸ்டேட்டின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உணவு மாற்றம் எல்.டி.எல்.லை ஓரளவு இறக்கும், ஆளுக்கு ஆள் மாறும். அடைப்பு உள்ளவனுக்கு அது மட்டும் போதாது. டாக்டரைக் கேட்காமல் யாரும் என்னைப்போலப் புத்திசாலித்தனம் பண்ண வேண்டாம்.

அதற்காக உணவு வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் எடுத்த கணக்கு 2014-இல் வெளிவந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர் நூற்றுக்குப் பதினாலு பேர்தான். ஆனால் நல்ல கொழுப்பு குறைந்தவர் எழுபத்திரண்டு பேர், டிரைகிளிசரைடு மிகுந்தவர் ஏறக்குறைய முப்பது பேர். ஏதோ ஒரு கோளாறாவது உள்ளவர் எழுபத்தொன்பது. இது வெறும் எண்ணெய்க் கணக்கு இல்லை. சோற்றுக் கணக்கும், உட்கார்ந்திருக்கும் கணக்கும் சேர்ந்தது. மலையேறி வந்த நாம் தட்டில் அரிசியைக் குவித்து, காலை மடக்கி உட்கார்ந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன், அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். நாலு பேருக்கு மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய்; முதல் தேதி மருமகள் அளந்து வைத்துவிடுவாள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் மாறிமாறி. ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவதில்லை. சோறு ஒரு வேளை, அதிலும் பாதித் தட்டு காய். இன்னொரு வேளை களி. ராகி மால்ட் என்று சர்க்கரையைக் கொட்டிக் குடித்தால் ராகியின் புண்ணியம் போய்விடும். கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு தினம் ஏதாவது ஒன்று. பருப்பிலும் ஓட்ஸிலும் இருக்கிற கரையும் நார், குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஈரல் மறுபடி பித்தம் செய்ய இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. ஓட்ஸ் டப்பா வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், கொள்ளு இருக்கிறது. கைப்பிடி வேர்க்கடலை, வறுத்தது, உப்பு இல்லாமல். நெய் பூசைக்கு, சாப்பாட்டில் ஒரு சின்ன ஸ்பூன், பண்டிகையன்று. அட்டமி, சதுர்த்தசி விரதமும், பொழுது சாய்ந்தபின் உண்ணாமையும் எங்கள் வழக்கம். கடைக் காலத்தில் அதை விட்டிருந்தேன், மறுபடி பிடித்துக்கொண்டேன். பகலில் நாலு லட்டு தின்றுவிட்டு இரவு உண்ணாவிரதம் இருக்கிற எங்கள் ஜனங்களையும் எனக்குத் தெரியும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப்பின் தங்கவயல் ரயிலில் ஏறிற்று. விடியற்காலை மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டியில் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். போகவர ஐந்தாறு மணி நேரம். காலை வெறும் வயிறு, ஸ்டேஷனில் போண்டா, மத்தியானம் கேன்டீன், திரும்பும்போது பங்காருப்பேட்டையில் பஜ்ஜி, பத்து மணிக்கு வீட்டில் வயிறு முட்டச் சோறு, உடனே படுக்கை. அவர்களிடம் போய் இரவுண்ணாமை பேசினால் அடிக்க வருவார்கள், நியாயம்தான். என் பெரியவனும் அந்த வண்டியில்தான் போகிறான், முப்பத்தெட்டு வயது. போன தை மாதம் ரத்தம் கொடுக்கச் சொல்லி மூன்று முறை சொன்னேன். டிம்பர்மேன் அண்ணன்தான் ஒரு நாள் கடை வாசலில் அவனை மடக்கி, "உங்கப்பன் மலையில விழுந்தான், நீ ரயில்ல விழப்போறியா?" என்று கேட்டு லேபுக்கு அனுப்பினார். எல்.டி.எல். 149.

இப்போது மருமகள் அவனுக்கு ராத்திரியே களி உருட்டி, பிதுக்கம்பருப்புக் குழம்போடு டிபன் கேரியரில் வைத்துவிடுகிறாள். விடியற்காலை அதைத் தூக்கிக்கொண்டு வண்டியேறுகிறான். பெட்டியில் கூட உட்காரும் பிள்ளைகள் முதல் வாரம் "என்னடா, தாத்தா காலத்துச் சோறு" என்று கேலி பண்ணினார்களாம். போன வாரம் இரண்டு பேர் என் கடைக்கு வந்து ராகி மாவு கேட்டார்கள். மாவாக வேண்டாம், தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தேன்.